வெளிநாட்டில் ஆடும் மத்திய கள வீரரும் ஒரு குத்தகைக் கணக்கும்

யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கில் உதைபந்தாட்ட மட்ச் முடிந்து, பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பேப்பரின் கடைசிப் பக்கத்தில் ஒரு வீரரை ஏதோ ஒரு கழகம் இத்தனை மில்லியன் யூரோவுக்கு வாங்கிவிட்டதாகச் செய்தி. வாங்கில் இருந்த அண்ணை ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மனிசரை மாடு மாதிரியெல்லோ விக்கிறாங்கள்."

இல்லை அண்ணை என்று தொடங்கினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விசயமாக அது இருக்கவில்லை. என் அக்காவின் மகனும் அன்று கூட இருந்தான். பதினேழு வயது, கழகத்துக்கு மத்திய களத்தில் ஆடுகிறான், வெளிநாடு போய் ஆடவேண்டும் என்பதே சிந்தனை. கடையில் சொல்லத் தொடங்கி விட்ட மிச்சத்தை அவனுக்காகவும் அந்த அண்ணைக்காகவும் எழுதுகிறேன். உதைபந்தாட்டம் பார்க்கத் தெரியும், அதன் பின்னால் ஓடும் கடதாசிகள் தெரியாது என்பவர்களுக்கும் உதவும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். பின்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையில் நிற்பவர் மத்திய கள வீரர். எங்கள் தகப்பன்மார் காலத்தில் 'சென்ரர் ஹாஃப்' என்பார்கள். இன்று எண்களால் பேசுகிறார்கள். 6 என்றால் பின்களத்துக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை முறித்துப் பந்தை நிதானமாக வெளியே எடுப்பவர். 8 என்றால் இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் ஓயாமல் ஓடுபவர். 10 கோலுக்கு முந்திய பந்தைக் கொடுக்கிறவர். சேட்டில் அந்த எண்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அது வேலையின் பெயர். இவர்கள் ஒரு மட்சில் பத்து, பதினொரு கிலோமீற்றர் ஓடுவது சாதாரணம்.

கோல் அடிப்பவனை எவரும் கவனிப்பார்கள். நல்ல மத்திய கள வீரனை இனங்காண ஒரு சின்ன வழி இருக்கிறது. பந்தைப் பார்க்காதீர்கள், அவனுடைய கழுத்தைப் பாருங்கள். பந்து அவனிடம் வந்து சேர்வதற்கு முன் இடத்தோளுக்கு மேலால் ஒருதரம், வலத்தோளுக்கு மேலால் ஒருதரம் திரும்பிப் பார்ப்பான். பந்து காலில் படும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அந்தத் திரும்பலை எந்த ஸ்கோர் போட்டும் காட்டாது. வெளிநாட்டுப் பயணத்தில் இது அவனுக்கு எப்படித் தலையிடியாகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விற்கப்படுவது ஆள் இல்லை

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம், எங்களுக்குக் குத்தகை தெரியும். ஒருவர் தோட்டக்காணியை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். இரண்டாம் வருடத்தில் இன்னொருவர் வந்து அந்தக் காணி எனக்கு வேணும் என்றால், மிச்சம் மூன்று வருடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் குத்தகைக்காரருக்குக் காசு கொடுப்பார். கழகங்களுக்கு இடையில் கைமாறும் மில்லியன்கள் அந்தக் காசுதான். வீரரின் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் வருடங்களை விட்டுக்கொடுப்பதற்கான தொகை. வீரரின் சம்பளம் வேறு கணக்கு. அதைப் புதிய கழகத்துடன் அவர் தனியாகப் பேசவேண்டும், அவர் சம்மதித்துக் கையெழுத்து வைக்காவிட்டால் யாரும் அவரை எங்கும் அனுப்ப முடியாது.

ஒரு வித்தியாசம், இந்தக் காணிக்குக் கால் உண்டு. குத்தகை முடிந்த அன்று காணி தானே எழும்பி விரும்பிய இடத்துக்கு நடந்து போகலாம். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிப்படி ஒப்பந்தம் பொதுவாக அதிகபட்சம் 5 வருடம், 18 வயதுக்குக் கீழே என்றால் 3 வருடம். கடைசி 6 மாதத்துக்குள் வந்துவிட்டால் அடுத்த கழகத்துடன் முன்கூட்டியே கையெழுத்து வைக்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம் என்றால் நல்ல வீரரையும் மலிவாக விடுவதற்கும், அவசர அவசரமாக ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கும் காரணம் இதுதான். சில ஒப்பந்தங்களில் 'இவ்வளவு காசைக் கட்டினால் விட்டுவிடுவோம்' என்று தொகை முதலே எழுதப்பட்டிருக்கும். 2022 உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்ரீனாவுக்காகப் பிரகாசித்த மத்திய கள வீரர் என்சோ பெர்னாண்டஸை பென்பிக்காவிடமிருந்து செல்சி எடுக்கப் போனபோது, எழுதியிருந்த தொகையிலிருந்து பென்பிக்கா இறங்கவில்லை. 2023 ஜனவரி 31, காலக்கெடுவின் கடைசி நாளில், ஏறத்தாழ 121 மில்லியன் யூரோவில் விசயம் முடிந்தது.

ஒப்பந்தம் முடிந்தால் நடந்து போகலாம் என்பது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. அதற்காக ஒருவர் தன் விளையாட்டு வாழ்க்கையையே இழந்தார். அவரும் ஒரு மத்திய கள வீரர்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் மார்க் பொஸ்மன், லியேஜ் நகரக் கழகத்தில் ஆடினார். 1990 ஜூனுடன் ஒப்பந்தம் முடிந்தது. மாதம் சராசரியாக 120,000 பெல்ஜியன் பிராங்க் எடுத்தவருக்குப் புதிய ஒப்பந்தத்தில் 30,000 தருகிறோம் என்றது கழகம். அவர் மறுத்துவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் டன்கேர்க் கழகத்துக்குப் போகப் பார்த்தார். அந்தக் காலத்து விதியில் ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய கழகத்துக்குக் காசு கட்டவேண்டும். டன்கேர்க்கிடம் காசு இருக்குமோ என்று லியேஜுக்குச் சந்தேகம். ஆகவே வீரரை விடுவிக்கும் சான்றிதழை அனுப்பும்படி பெல்ஜியச் சம்மேளனத்திடம் அது கேட்கவே இல்லை. ஒரு கடதாசி வரவில்லை, மனிதர் அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்றாகிவிட்டார். வழக்கு ஐந்து வருடம் இழுபட்டு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1995 டிசம்பர் 15 இல் அவர் பக்கம் தீர்ப்பானது. ஐரோப்பிய ஒன்றியத்து வீரர் ஒருவர் ஒப்பந்தம் முடிந்தபின் ஒன்றியத்துக்குள் இன்னொரு நாட்டுக்குப் போனால் பழைய கழகம் காசு கேட்க முடியாது. ஒரு கழகம் இத்தனை ஒன்றிய நாட்டவரைத்தான் ஆடவிடலாம் என்ற கட்டுப்பாடும் செல்லாது. தீர்ப்பு வந்தபோது பொஸ்மனுக்கு 31 வயது, ஆடும் காலம் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள்.

அந்த டிசம்பரில் நாங்கள், யாழ்ப்பாணத்தைப் போரால் விட்டு வெளியேறிய ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு, தென்மராட்சியிலும் வன்னியிலும் கிடந்தோம். எங்கள் வாயில் 'இடம்மாறுதல்' என்ற சொல்லுக்கு அப்போது வேறு அர்த்தம். பெல்ஜியத்தில் ஒரு புட்போல்காரர் வழக்கில் வென்ற கதையை நான் பல வருடம் கழித்துத்தான் வாசித்தேன்.

அதே சான்றிதழ் பிறகு இன்னொரு மத்திய கள வீரரையும் மறித்தது. பிரான்ஸின் லசானா டியாரா. 2014 இல் மொஸ்கோவின் லோக்கோமோட்டிவ் கழகத்துடன் ஒப்பந்தம் முறிந்தது, அவர் 10.5 மில்லியன் யூரோ இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பு. அவரை எடுக்க நினைத்த பெல்ஜியத்தின் ஷார்லருவா கழகம், தானும் சேர்ந்து அந்தக் காசுக்குப் பொறுப்பாகவேண்டி வரும், சான்றிதழும் கிடைக்காமல் போகலாம் என்று பின்வாங்கியது. அந்த விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று 2024 ஒக்டோபர் 4 இல் நீதிமன்றம் சொன்னது. பீபா அந்த வருட முடிவிலேயே விதிகளைத் திருத்தவேண்டி வந்தது.

14 செக்கன்

சான்றிதழ் என்பது என்ன? ஒவ்வொரு வீரரும் ஒரு நாட்டுச் சம்மேளனத்தின் கீழ்ப் பதியப்பட்டிருப்பார். நாடு மாறும்போது பழைய நாட்டுச் சம்மேளனம் புதிய நாட்டுச் சம்மேளனத்துக்கு ஒரு சர்வதேச மாற்றுச் சான்றிதழ் அனுப்பவேண்டும். அது இல்லாமல் பயிற்சி எடுக்கலாம், படம் எடுக்கலாம், சம்பளமும் வாங்கலாம், உத்தியோகபூர்வ மட்ச் மட்டும் ஆடமுடியாது. இன்று எல்லாம் கணினியில் நடக்கிறது, வருடத்தில் இரண்டு காலப்பகுதிக்குள் மட்டும்.

கதவு சாத்தினால் சாத்தினதுதான். போர்த்துக்கலின் மத்திய கள வீரர் அட்றியன் சில்வா, 2016 ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியில் ஆடியவர். 2017 ஓகஸ்ட் கடைசி நாளில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகத்திலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு மாறினார். கடதாசிகள் 14 செக்கன் பிந்திவிட்டன. பீபா ஏற்கவில்லை. 2018 ஜனவரி வரைக்கும் பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டு இருந்தார். ஏ.எல். பரீட்சைக்குப் பிந்திப் போய் மண்டபத்துக் கேற்றில் நின்றவர்களுக்கு அவருடைய வயிற்றெரிச்சல் விளங்கும்.

எல்லாப் பயணமும் விற்பனையாக இருப்பதில்லை. இரவல் என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் சொந்தக் கழகத்திடமே இருக்கும், ஆள் மட்டும் ஒரு பருவம் வேறு கழகத்தில் ஆடுவார். கேவலமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள், 'அங்கே வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள்' என்பார்கள். லூக்கா மொட்ரிச்சைப் பாருங்கள். போரில் வீடிழந்து, சடார் நகரத்து ஹோட்டல் ஒன்றில் அகதியாக இருந்து, அதன் வாகனத் தரிப்பிடத்தில் பந்து உதைத்த பெடியன். 18 வயதில் டினாமோ சாக்ரெப் அவரைப் பக்கத்து நாடான பொஸ்னியாவின் மொஸ்டார் நகரக் கழகத்துக்கு இரவல் அனுப்பியது. முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன லீக். இவரோ மெலிந்த, சின்ன உருவம். அந்தப் பருவத்தில் அந்த லீக்கின் சிறந்த வீரர் இவர்தான். அடுத்த இரவல் சாக்ரெப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கழகம். அதன்பிறகுதான் 2008 இல் டொட்டன்ஹாம், 2012 இல் றியல் மட்ரிட், 2018 இல் 33 வயதில் உலகின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து. 2025 இல் ஒப்பந்தம் முடிந்து ஏசி மிலானுக்கு நடந்தே போனார். இத்தாலிக் கழகம் மட்ரிட்டுக்கு ஒரு சதமும் கட்டவில்லை, பொஸ்மன் புண்ணியம். என்னைக் கேட்டால் மத்திய கள வீரர் ஒருவருக்கு அந்த மொஸ்டார் வருடம் மட்ரிட்டை விட முக்கியமானது. வேகம் வயதோடு போகும், இடறல்களுக்கு நடுவில் பந்தைக் காப்பாற்றப் பழகியது போகாது.

இங்கிருந்து போவது

இனி எங்கள் பக்கம். பாசையூர், நாவாந்துறை, குருநகர், இளவாலை என்று ஊருக்கு ஊர் கழகம், பற்றிக்ஸ், ஹென்றியரசர் என்று பாடசாலை அணிகள், மகாஜனாவில் பெண்கள் அணி. திறமைக்குக் குறைவில்லை. சம்பளத்துக்கு ஆடுவதென்றால் பலருக்கும் வழி இராணுவம், கடற்படை, பொலிஸ் போன்றவற்றின் அணிகளும் கொழும்புக் கழகங்களுமாக இருந்து வந்திருக்கிறது. அதைத் தாண்டிப் போக நினைக்கும்போது மூன்று மதில்கள் வரும்.

முதலாவது வயது. 18 நிறையாத வீரரை நாடு விட்டு நாடு பதிய முடியாது, சில விதிவிலக்குகள் தவிர. பெற்றோர் புட்போலுக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருக்கவேண்டும், அல்லது பிள்ளை அந்த நாட்டில் தொடர்ச்சியாக ஐந்து வருடம் வாழ்ந்திருக்கவேண்டும், இப்படி. ஜப்பானின் டக்கெபுசா குபோ சிறுவயதிலேயே பார்சிலோனாவின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தவர். இந்த விதியைக் கழகம் மீறியதாகப் பீபா பிடித்தபோது மட்ச் ஆடமுடியாமல் 2015 இல் ஜப்பானுக்குத் திரும்பினார். 18 வயதானதும் 2019 இல் ஸ்பெயினுக்கு மறுபடியும் போனார், இந்தமுறை மட்ரிட்டுக்கு. ஆகவே 'பதினைந்து வயதுப் பிள்ளையை ஐரோப்பியக் கழகத்தில் சேர்த்துவிடுகிறேன்' என்று யாராவது வந்தால் கேற்றடியிலேயே கதைத்து அனுப்பிவிடலாம். பாரிஸிலும் லண்டனிலும் சூரிச்சிலும் பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த மதில் இல்லை, அவர்கள் அந்த மண்ணிலேயே முதற்பதிவு செய்கிறவர்கள்.

இரண்டாவது வேலை அனுமதி. பிரித்தானியா 2021 முதல் வெளிநாட்டு வீரர்களுக்குப் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறது. உலகத் தரவரிசையில் முதல் 50க்குள் உள்ள நாட்டின் தேசிய அணிக்கு ஆடியிருந்தால் அள்ளிக் கொடுக்கும். இலங்கை 200ஐ அண்டி நிற்கும் நாடு. 2023 இல் ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை பீபாவே எங்கள் சம்மேளனத்தை இடைநிறுத்தியும் வைத்திருந்தது. அப்படியான காலத்தில் தேசிய அணிக்கு மட்ச் இல்லை, மட்ச் இல்லையென்றால் பெயரும் இல்லை. ஆகவே இங்கிருந்து நேரே லண்டன் என்பது கனவு. மாலைதீவு, பங்களாதேஷ், இந்தியா என்று படி ஏறுவதுதான் நடக்கிற காரியம். தேசிய அணியின் கோல்காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களில் ஆடிப் பெயர் எடுத்தவர்.

மூன்றாவது வெளிநாட்டவருக்கான இட எண்ணிக்கை. ஆசியாவில் நெடுங்காலம் '3 உடன் 1' என்றொரு கணக்கு இருந்தது. எந்த நாட்டவராயினும் மூவர், கூடவே ஆசிய நாட்டவர் ஒருவர். பின்பு தளர்த்திவிட்டார்கள், ஆனால் பல லீக்குகளில் ஏதோ ஒரு எல்லை இன்னும் உண்டு. ஒரு கழகத்துக்கு நான்கே நான்கு இடம் என்றால் அதை யாருக்குக் கொடுப்பார்கள்? கோல் அடிக்கிறவனுக்கு. பிறகு ஒரு உயரமான பின்கள வீரன். மத்திய களத்துக்கு உள்ளூர்ப் பெடியன் போதும் என்று விடுவார்கள். நான் முன்பு சொன்ன கழுத்துத் திரும்பல் இங்கேதான் அடிபட்டுப் போகிறது. கோல் எண்ணிக்கையைக் கடிதத்தில் எழுதலாம், அதை எழுதமுடியாது.

அதனால் மருமகனுக்கு ஒன்று சொன்னேன். அவன் செய்து வைத்திருந்த வீடியோ மூன்று நிமிடம், பாட்டும் போட்டு, தூர இருந்து அடித்த இரண்டு கோல், நாலைந்து சுழிப்பு. அதை எறிந்துவிட்டு 90 நிமிடமும் வெட்டாத மட்ச் இரண்டை உயரத்தில் இருந்து எடுத்து வை என்றேன். மத்திய கள வீரனைத் தேடுகிறவன் பந்து அவனிடம் இல்லாத நேரத்தைத்தான் பார்ப்பான்.

தேசிய அணி விசயம் கொஞ்சம் குழப்பமானது. எந்த நாட்டுக் கழகத்தில் ஆடினாலும் தேசிய அணிக்குக் குடியுரிமை வேண்டும். இளையோர் அணிக்கு ஒரு நாட்டுக்கு ஆடியவர் பெரியவர் அணிக்கு வேறு நாட்டைத் தெரிவு செய்ய பீபா இடம் கொடுக்கிறது. ஹம்சா சவுத்ரி நல்ல உதாரணம். இங்கிலாந்தில் பிறந்து லெஸ்டரில் வளர்ந்த மத்திய கள வீரர், தாய் பங்களாதேஷைச் சேர்ந்தவர், இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆடியவர். 2025 மார்ச் 25 இல் ஷில்லொங்கில் இந்தியாவுக்கு எதிராகப் பங்களாதேஷுக்கு முதன்முதல் ஆடினார், 0-0. இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுக்கிற நாடு. பெர்லினில் பிறந்த வசீம் ராசீக் இலங்கைக்கு ஆடியது அந்த வகையில். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லாதபடியால் அவர்களுக்கு இது முடியாது. புலம்பெயர்ந்த எங்கள் பெடியள் ஆடும் தமிழீழ அணி 2014 இல் ஸ்வீடனிலும் 2018 இல் லண்டனிலும் ஆடிய, கொனிஃபா என்ற அமைப்பின் போட்டிகள் பீபாவுக்கு வெளியே நடப்பவை. அங்கே ஆடினால் எந்த நாட்டுக்கும் கட்டுப்பட்டதாகக் கணக்கில்லை.

அலுமாரிக்குள் இருக்கும் காசு

கடையில் நான் சொல்லத் தவறிய விசயம் இது. ஒரு தொழில்முறை வீரர் ஒப்பந்தத்தின் இடையில் காசுக்கு நாடு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படவேண்டும். 12 முதல் 15 வரையான ஒவ்வொரு பருவத்துக்கும் மொத்தத் தொகையின் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 0.5. கூட்டிப் பாருங்கள், நான்கு பருவம் 1 சதவீதம், எட்டுப் பருவம் 4. எங்கள் ஊர்க் கழகம் ஒன்றில் 12 இலிருந்து 15 வரை ஆடிய பெடியன் ஒருநாள் 10 மில்லியன் யூரோவுக்கு மாறினால் அந்தக் கழகத்துக்கு 100,000 யூரோ வரவேண்டும். இலங்கைக் காசுக்குக் கோடிக் கணக்கு. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாற்றத்திலும் வரும். ஒப்பந்தம் முடிந்து சும்மா நடந்து போனால் வராது, ஏனென்றால் பிரிக்கத் தொகையே இல்லை.

2022 நவம்பரிலிருந்து இதற்கென்று பீபா ஒரு தீர்வகம் நடத்துகிறது. வீரரின் பதிவு வரலாற்றைச் சம்மேளனங்களின் கணினியிலிருந்து எடுத்துப் பங்கு பிரிக்கிறது. பதிவு பெற்ற கழகத்துக்குத்தான் பங்கு. எங்கள் பிள்ளைகள் 12 முதல் 18 வரை ஆடுவது பெரும்பாலும் பாடசாலை அணியில். பாடசாலை கழகமாகப் பதியப்படாவிட்டால் அந்த வருடங்கள் வெறும் வெற்றிடம்.

மருமகனுக்குப் போன வருடம் வட்ஸப்பில் ஒரு கடிதம் வந்தது. மேலே ஒரு கழகத்தின் இலச்சினை, கிழக்கு ஐரோப்பாவில் ட்ரயல், விசாச் செலவுக்கு ஆறு லட்சம் முதலில் அனுப்பவும். அக்கா தாலிக்கொடியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டாள். வீரரைத் தேவைப்படுகிற கழகம் வீரரிடம் காசு கேட்பதில்லை. முகவர் என்றால் பீபாவின் பரீட்சையில் சித்தியடைந்து உரிமம் எடுத்தவராக இருக்கவேண்டும், பெயர்ப்பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பார்த்தோம், கடிதத்தில் இருந்த பெயர் இல்லை. கொடி கழுத்திலேயே இருக்கிறது. இன்னொன்றும் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எங்காவது போய் ஆடி, இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்க பீபா விதியில் இடமிருக்கிறது. எழுத்தில், தொலைபேசியில் அல்ல.

பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு கழகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அலுமாரியின் கீழ்த்தட்டில் பழைய பதிவுப் படிவங்கள், ஓரமெல்லாம் கறையான். ஒரு மணித்தியாலம் தேடினதில் மருமகனுடைய படிவம் இரண்டு வருடத்துக்கு மட்டும் அகப்பட்டது. அதில் ஒன்றில் பிறந்த மாதம் பிழை.

"இதைத் திருத்தி லீக்குக்கு அனுப்புவம், அவை கொழும்புக்கு அனுப்பட்டும்" என்றார் செயலாளர். "தம்பி, நாளைக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்ர கொப்பியும் ரெண்டு படமும் கொண்டு வா."

"படம் ஜேர்சியோடயோ, சேட்டோடயோ?" என்று கேட்டான் அவன்.